இருக்குவேள் வம்சமா நீங்க?

போன மாதம் ரூவியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கல்யாணப் பேச்சு ஒன்று நின்றுபோனது. பெண் மஸ்கட்டிலேயே பிறந்து, இங்கேயே படித்து, இப்போது வேலைக்குப் போகிறவள். பையனும் அப்படித்தான். ரூவி ஹை ஸ்ட்ரீட்டைக் குறுக்கே கடந்தால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பத்து நிமிடம். சாதி மட்டும் வேறு. இரண்டு வீட்டு அம்மாக்களும் பேசி ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். அப்போது ஊரிலிருந்து பெரியப்பா ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "நாம யாரு? இருக்குவேள் வம்சம். சோழனுக்கே பொண்ணு குடுத்த வம்சம். அதை மறந்துட்டுப் பேசாதீங்க."

அதோடு சரி. அந்த வீட்டைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன், அது அவர்கள் விஷயம். ஆனால் இருக்குவேளைப் பற்றி எழுதலாம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

உங்களில் பெரும்பாலோருக்கு இந்தக் குடும்பம் 'பொன்னியின் செல்வன்' வழியாகத்தான் அறிமுகம். கதையில் வரும் கொடும்பாளூர் இளவரசி வானதி இந்த வீட்டுப் பெண். 2022, 2023இல் இரண்டு பாகமாகப் படம் வந்தபோது பெரிய வேளார் பூதி விக்கிரமகேசரியாகப் பிரபு நடித்தாரே, அவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகன். கல்கி கற்பனையாக உண்டாக்கிய ஆள் இல்லை. உண்மையிலேயே இருந்தவர், கோயில் கட்டியவர், தன் முன்னோர் பட்டியலைக் கல்லில் வெட்டி வைத்தவர்.

அந்தக் கல் எங்கள் ஊர்ப் பக்கம்தான் இருக்கிறது. திருச்சியிலிருந்து மதுரை போகும் நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால், விராலிமலை தாண்டிக் கொடும்பாளூர். சிலப்பதிகாரத்திலேயே வருகிற ஊர் அது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும்போது, கொடும்பையில் வழி மூன்றாகப் பிரியும் என்று ஒருவர் அவர்களுக்குச் சொல்கிறார். இன்றைக்குச் சாலையில் போகிறவர்கள் யாரும் நிறுத்துவதில்லை. உள்ளே ஒதுங்கினால் மூவர் கோயில். பெயரில் மூன்று. நிற்பது இரண்டு விமானம். மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். பூதி விக்கிரமகேசரி தன் பெயரில் ஒன்று, கற்றளி, வரகுணை என்ற தன் இரண்டு மனைவியர் பெயரில் ஒவ்வொன்று என மூன்று கட்டினார். சுற்றிலும் சின்னச் சின்னச் சன்னதிகளின் அடித்தளங்கள், நன்றாக வெட்டிய புல்தரை. மதிய வெயிலில் போனால் நீங்களும் ஆடுகளும்தான்.

நடு விமானத்தின் சுவரில் கல்வெட்டு. கிரந்த எழுத்து, சமஸ்கிருத மொழி. எனக்கு இரண்டும் வராது. அச்சில் வந்த மொழிபெயர்ப்பைத்தான் படித்தேன், உங்களாலும் அது முடியும். தொடக்கம் சிதைந்துவிட்டது. மிச்சமிருப்பதில் பெயர்கள் இந்த வரிசையில் வருகின்றன: பரவீரஜித், வீரதுங்கன், அதிவீரன், சங்ககிருத், நிருபகேசரி, பரதுர்க்கமர்த்தனன், சமராபிராமன், கடைசியில் நம் பூதி விக்கிரமகேசரி. அதற்குப் பின் அவருக்கும் கற்றளிக்கும் பிறந்த பராந்தகன், ஆதித்தவர்மன் என்ற இரண்டு பிள்ளைகள்.

பெயர்களைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பரதுர்க்கமர்த்தனன் என்றால் மற்றவர் கோட்டைகளை நொறுக்குபவன். எந்த அப்பாயி "டேய் பரதுர்க்கமர்த்தனா, சாப்பிட வாடா" என்று கூப்பிட்டிருப்பாள்? லிங்க்ட்இன் புரொஃபைலில் நாம் பெயருக்குக் கீழே போட்டுக்கொள்கிற பட்டங்கள் மாதிரிதான் பாதி. வீட்டில் கூப்பிட்ட பெயர் வேறாக இருந்திருக்கும். அதே வட்டாரத் தமிழ்க் கல்வெட்டுகளில் இந்தக் குடும்பத்து ஆட்கள் பூதி, மறவன் பூதி, தென்னவன் இளங்கோவேளார் என்று வருகிறார்கள். அந்தப் பெயர்களில் மண் வாசனை இருக்கிறது.

இந்தப் பட்டியல் எதற்காக வெட்டப்பட்டது? வம்சப் பெருமைக்கு என்று சொன்னால் பாதி சரி. கல்வெட்டின் காரியம் கடைசியில் வருகிறது. மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ஜுனர் என்ற காளாமுகத் துறவிக்கு ஒரு பெரிய மடமும், 50 துறவிகள் சாப்பிட 11 ஊர்களும் கொடுத்ததற்கான ஆவணம் அது. இன்றைய கணக்கில் தானப் பத்திரம். கொடுப்பவன் யார், அவன் வார்த்தைக்கு என்ன மதிப்பு, நாளை யாரும் வந்து இது என் நிலம் என்று சொல்லாமலிருக்க அவன் எவ்வளவு பெரிய ஆள் என்று காட்டத்தான் முன்னால் எட்டுத் தலைமுறை. ரூவியில் ஃபிளாட் வாடகை ஒப்பந்தத்தில்கூட முதல் பக்கம் முழுக்க நாம் யார் என்ற விவரம்தானே.

ஆக, யாரைச் சேர்ப்பது என்று ஒருவர் முடிவு செய்து எழுதிய பட்டியல் இது. அந்த முடிவு எப்படி வேலை செய்தது என்று பார்க்க ஒரே ஒரு இடம் போதும். அம்மாக்களைத் தேடுங்கள். வீரதுங்கனின் அம்மா யார்? பட்டியலில் இல்லை. நிருபகேசரியின் அம்மா? இல்லை. பூதியின் அம்மா மட்டும் பெயரோடு இருக்கிறாள். அனுபமா. ஏன் அவள் மட்டும்? அவள் சோழ இளவரசி. அவளைச் சொன்னால் லாபம், சொன்னார்கள். மற்ற அம்மாக்களைச் சொல்லி லாபமில்லை, விட்டுவிட்டார்கள். மகள்கள் ஒருவரும் இல்லை. எட்டுத் தலைமுறை ஆண்கள் ஒருவரிலிருந்து ஒருவர் நேரடியாக முளைத்தது போல இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்தப் பட்டியலின் காலம் எது என்பதில் அறிஞர்களுக்குள் பல ஆண்டுச் சண்டை. பூதி பல்லவர் சேனையின் ரத்தத்தால் காவிரியைச் சிவப்பாக்கினார் என்கிறது கல்வெட்டு. அப்படியானால் முதலாம் ஆதித்தன் பல்லவர்களை ஒழித்த காலம், அதாவது 9ஆம் நூற்றாண்டின் கடைசி. ஆனால் அதே கல்வெட்டு அவர் வீரபாண்டியனை வென்றார் என்றும் சொல்கிறது. வீரபாண்டியன் சுந்தர சோழன் காலத்து ஆள். அப்படியானால் 10ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதி. ஒரே ஆள் இரண்டையும் செய்ய முக்கால் நூற்றாண்டு வாள் பிடித்திருக்க வேண்டும். அதற்கும் மேலே, அவருடைய தாத்தா பரதுர்க்கமர்த்தனனை வாதாபியை வென்றவன் என்கிறது. வாதாபி என்றதும் நமக்கு நினைவு வருவது நரசிம்மவர்மப் பல்லவன் அதைப் பிடித்த 642. தாத்தா 642இல், பேரன் 960இல் என்றால் நடுவில் 300 வருடத்துக்கு அப்பா சமராபிராமன் மட்டும்தான்! வேறு வாதாபிப் போர், வேறு வீரபாண்டியன், வேறு பல்லவர் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்லி, ஒரு சாரார் 9ஆம் நூற்றாண்டிலும் ஒரு சாரார் 10ஆம் நூற்றாண்டிலும் நிற்கிறார்கள். கல்லில் வெட்டி, ஆயிரம் வருடம் அழியாமல் நிற்கிற, அறிஞர்கள் வரி வரியாகப் படித்த வம்சாவளிக்கே இந்த நிலைமை. பெரியப்பாவின் வாய்ஸ் மெசேஜ் 22 விநாடி.

சரி, அவர் சொன்னதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொள்வோம். "சோழனுக்கே பொண்ணு குடுத்த வம்சம்." கொடுத்தார்கள்தான். திருச்சிக்குப் பக்கத்தில் திருச்செந்துறை என்ற ஊரில் காவிரிக் கரையில் ஒரு கற்கோயில் இருக்கிறது. கட்டியவள் பூதி ஆதித்த பிடாரி. முதலாம் பராந்தகனின் மகன் அரிகுலகேசரியின் மனைவி, தென்னவன் இளங்கோவேளாரின் மகள் என்று கல்வெட்டே சொல்கிறது. மூவர் கோயிலில் வரும் அனுபமா சோழ வீட்டிலிருந்து வேளிர் வீட்டுக்கு வந்தவள், பிடாரி வேளிர் வீட்டிலிருந்து சோழ வீட்டுக்குப் போனவள். கொண்டும் கொடுத்தும் உறவு. பூதி தன் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள், பராந்தகன், ஆதித்தன். அசல் சோழப் பெயர்கள்.

இப்போது இதைக் கவனியுங்கள். சோழர்கள் தங்களைச் சூரிய குலம் என்றார்கள். திருவாலங்காட்டுச் செப்பேடு சூரியனிலிருந்து ஆரம்பித்து மனு, இட்சுவாகு என்று இறங்கி ராஜேந்திரனுக்கு வரும். கொடும்பாளூரார் தங்களை யது வம்சம் என்றார்கள், அது சந்திர குலம். அவர்கள் காலத்துச் சொல்லிலேயே இவை இரண்டு வேறு வேறு குலங்கள். ஆக, பெரியப்பா எந்தக் கல்யாணங்களை வைத்துப் பெருமைப்பட்டாரோ அவை எல்லாமே குலத்துக்கு வெளியே நடந்த கல்யாணங்கள். பிடாரி வெளியே போனதால்தான் அந்த வீட்டுக்கு மரியாதை. அதைச் சொல்லி இன்னொரு பெண்ணை வெளியே போகாதே என்று நிறுத்துவது எனக்கு விளங்கவில்லை.

அதெல்லாம் ராஜாக்கள் அந்தஸ்து பார்த்துச் செய்த அரசியல் கல்யாணம், காதல் கல்யாணம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். பிடாரியிடம் யாரும் சம்மதம் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் அரசியல் கல்யாணத்தைப் புனித ரத்தம் என்று மாற்றிச் சொல்கிறவர்கள் நாம்தான். அவர்களுக்கு அது கூட்டணி, சேனை, காவிரித் தண்ணீர். சோழர் பக்கம் நின்று போரிட்டு, கொடும்பாளூர்ச் சிறிய வேளார் ஒருவர் ஈழத்தில் செத்தே போனார். சுந்தர சோழனின் 9ஆம் ஆட்சியாண்டில் ஈழத்தில் பட்டவர் என்று கல்வெட்டு அவரைச் சொல்கிறது. கூட்டணிக்குக் கொடுத்த விலை.

வம்சக் கணக்குக் கல்யாணப் பேச்சில்தான் வெளியே வரும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சியும் இருக்கிறது. அதுவும் இதே குடும்பப் பெயரில். பாரி செத்த பிறகு அவன் மகள்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் வரன் தேடி அலைகிறார். அப்படிப் போன இடங்களில் ஒன்று இருங்கோவேள் வீடு. புறநானூற்றின் 201ஆம் பாட்டு அந்தச் சந்திப்பு. நீ துவரையை ஆண்ட வழியில் 49 தலைமுறை கடந்து வந்த வேள், இந்தப் பெண்களை ஏற்றுக்கொள் என்கிறார் கபிலர். தலைமுறைக்கு 25 வருடம் வைத்தாலும் 1,225 வருடம்! பெண்ணைக் கொடுக்க வந்தவர் மாப்பிள்ளை வீட்டு வம்சத்தைப் புகழ்வது அன்றைக்கும் வழக்கம் போல. இருங்கோவேள் மறுத்துவிட்டான். அடுத்த பாட்டில் கபிலர் தொனி மாறுகிறது. உன் முன்னோன் ஒருவன் ஒரு புலவரை மதிக்காததால்தான் அரையம் என்ற உங்கள் பெரிய ஊர் அழிந்தது என்று நினைவுபடுத்துகிறார். முதல் பாட்டில் பெருமையாக இருந்த அதே வம்சம் இரண்டாவது பாட்டில் அவமானக் கதையாகிறது. சங்க கால இருங்கோவேளையும் கொடும்பாளூர் இருக்குவேளையும் பெயரை வைத்து ஒரே வழி என்று சேர்ப்பவர்கள் பலர். நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. அது யாருக்கும் உறுத்துவதில்லை.

இது தமிழர்களுக்கு மட்டும் பிடித்த பித்து என்று நினைத்துவிடாதீர்கள். 9ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஆல்ஃபிரட் மன்னனின் அப்பாவுக்கு எழுதிய வம்சாவளி வோடன் என்ற பழைய கடவுள் வழியாகப் போய், நோவாவைத் தாண்டி, ஆதாமில் முடிகிறது. 1066இல் வில்லியமோடு கப்பலேறி வந்தவர்கள் என்று 'பேட்டில் அபே ரோல்' என ஒரு பட்டியல் உண்டு. அசல் தொலைந்துவிட்டது, கிடைப்பது பின்னால் எடுத்த பிரதிகள். பணம் சேர்ந்த குடும்பங்களின் பெயர்கள் நடுவில் நுழைந்துகொண்ட பட்டியல் என்று பெயர் வாங்கியது அது. பிரபுக் குடும்பங்களின் அச்சடித்த வம்சாவளிகளை எட்வர்ட் ஃப்ரீமன், ஹொரேஸ் ரவுண்ட் போன்ற வரலாற்றாசிரியர்கள் 19ஆம் நூற்றாண்டில் எடுத்துக் கிழித்தார்கள். அங்கே அந்த வேலையைச் செய்ய ஆள் இருந்தார்கள், அதைப் படித்துச் சிரிக்கவும் ஆள் இருந்தார்கள். நம் பக்கம் இதையெல்லாம் கேள்வி கேட்டால் குடும்ப குரூப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

இனி நான் படித்த படிப்புக்கு வருகிறேன், கணக்கு. உங்களுக்கு அப்பா அம்மா 2 பேர். தாத்தா பாட்டி 4. அதற்கு மேலே 8. பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024. இருபதில் பத்து லட்சத்தைத் தாண்டும். ஆயிரம் வருடத்துக்குத் தோராயமாக நாற்பது தலைமுறை. அங்கே உங்கள் வம்சாவளியில் நிரப்ப வேண்டிய இடங்கள் ஏறக்குறைய 1.1 லட்சம் கோடி. இன்றைய உலக மக்கள்தொகையே சுமார் 800 கோடிதான். அப்படியானால் ஒரே ஆள் பல ஆயிரம் இடங்களில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். என் அப்பாவின் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். அதனால் என் அப்பாவுக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி என்று எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர். அக்கா மகளைக் கட்டிய வீடுகளில் இன்னும் விசேஷம், ஒரே கிழவி பிள்ளைக்குப் பாட்டியும் ஆவாள், பூட்டியும் ஆவாள். குடும்ப மரம் என்று நாம் சொல்வதைக் கணினிக்காரர்கள் மரம் என்று சொல்ல மாட்டார்கள். மரத்தில் பிரிந்த கிளை மறுபடி சேராது. இது கிராஃப், மீன்வலை மாதிரி.

யேல் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஜோசப் சாங் 1999இல் இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார். கட்டுப்பாடில்லாமல் கலந்து மணந்துகொள்கிற ஒரு மக்கள் கூட்டத்தில் போதுமான தலைமுறை பின்னே போனால், அன்றைக்கு வாழ்ந்த ஒவ்வொருவரும் இரண்டில் ஒன்று. இன்றைக்கு இருப்பவர்கள் எல்லாருக்கும் முன்னோர், அல்லது ஒருவருக்கும் முன்னோர் இல்லை. சிலருக்கு மட்டும் முன்னோர் என்ற நிலையே இருக்காது.

நம் ஊரில் அப்படிக் கலந்து மணக்கவில்லையே, சாதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 2013இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, இந்தியாவில் சுமார் 4,200 முதல் 1,900 வருடத்துக்கு முன்பு வரை எல்லாரும் எல்லாரோடும் பரவலாகக் கலந்தார்கள், பிறகுதான் வாசல்கள் அடைபட்டன என்கிறது. அதனால் இரண்டு வழியாகவும் யோசிப்போம். வாசல் முழுக்க அடைபடவில்லை, அங்கங்கே திறந்தே இருந்தது என்றால், பூதியின் ரத்தம் ஆயிரம் வருடத்தில் புதுக்கோட்டைச் சீமை முழுக்க, எல்லாத் தெருவுக்கும் போயிருக்கும். பெரியப்பா வேண்டாம் என்று சொன்ன பையனின் வீட்டுக்கும் சேர்த்து. வாசல் இறுக்கமாக அடைபட்டிருந்தது என்றால், உள்ளே இருந்த சின்னக் கூட்டத்துக்குள் அதே கணக்கு இன்னும் வேகமாக வேலை செய்திருக்கும். அந்தக் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாரும் அவர் சந்ததி, தனியாக ஒரு குடும்பம் மட்டும் மார்தட்ட முடியாது. இரண்டில் எதை எடுத்தாலும் அந்த வாய்ஸ் மெசேஜ் நிற்காது. இன்னொன்று, பத்துப் பதினைந்து தலைமுறைக்கு மேலே போனால், ஒருவர் உங்கள் நேரடி முன்னோராகவே இருந்தாலும் அவர் டிஎன்ஏவில் ஒரு துண்டுகூட உங்களிடம் இல்லாமல் இருக்க முடியும். ரத்தம் என்று எதைச் சொல்கிறோமோ தெரியவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ராஜராஜன் எங்கள் ஆள், வேளிர் எங்கள் ஆள் என்று ஊரில் சங்கம் வைத்துப் போஸ்டர் ஒட்டுவது இப்போது இங்கேயும் வந்துவிட்டது. படம் வந்த பிறகு இன்னும் அதிகம். பேச்சிலர் ரூமில் ஆறு பேர் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், ஆறு பேரும் ஆறு சாதி வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார்கள். இங்கே பிறந்த நமக்கு அந்தப் போஸ்டரின் பின்கதை தெரியாது. அதனால் ஊர்ப் பெருமை என்று நினைத்து ஃபார்வேர்டு செய்கிறோம். கொடும்பாளூர் எனக்கும் பெருமைதான். அங்கே நிற்கிற சிற்பங்களைச் செய்த தச்சர்களின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை, 11 ஊர் நிலத்தை உழுதவர்கள் பெயரும் இல்லை. என் முன்னோர் யாராவது அந்தப் பக்கம் இருந்திருந்தால் பெரும்பாலும் இவர்களில்தான் இருந்திருப்பார்கள், எண்ணிக்கை அப்படி.

அடுத்து நம் பெயர் விவகாரம். இதற்கும் அந்தக் கல்வெட்டுகளுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. மறவன் பூதி என்றால் மறவனின் மகன் பூதி. அப்பா பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். நம் இனிஷியல் வேறென்ன? ஆயிரம் வருடமாக நாம் பெயர் எழுதும் முறை இது. இதை வளைகுடாவின் படிவத்தில் நிரப்பும்போதுதான் தகராறு. ஓமானியர் பெயரில் தன் பெயர், பின் அப்பா, பின் தாத்தா, கடைசியில் குலப்பெயர் என்று வரிசை உண்டு. என் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஏழு தலைமுறையைக் கரக் சாய் ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். நமக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட ஒன்றுமில்லை. அப்பா பெயரைப் போடுகிறோம், அடுத்த தலைமுறையில் அது மாறிவிடுகிறது. 2022 நவம்பரில் பக்கத்தில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசா கிடையாது என்றபோது எத்தனை தமிழ்க் குடும்பம் ஓடியது என்று நினைவிருக்கும்.

குடும்பப் பெயர் இல்லாதது குறை என்று எனக்குத் தோன்றவில்லை. சாதிப் பெயரைப் பின்னால் தொங்கவிடாமல் ஒரு சமூகமே இனிஷியலோடு நிற்பதை நான் மதிக்கிறேன். எனக்கு உறுத்துவது வேறு. ஓமானியப் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் தன் அப்பா பெயரோடுதான் இருக்கிறாள். சோழ இளவரசனைக் கட்டிய பிடாரியும் கல்வெட்டில் இன்னார் மகள் என்று நிற்கிறாள். என் அம்மாயிக்குக் கல்யாணமானதும் இனிஷியல் மாறிவிட்டது. ரேஷன் கார்டில், வாக்காளர் பட்டியலில், எல்லாவற்றிலும் புருஷன் பெயர். அவளுடைய அப்பா யார் என்று சொல்கிற ஒரு காகிதம்கூட வீட்டில் இல்லை.

போன விடுமுறையில் நான் அவளிடம் உட்கார்ந்து கேட்டேன். அப்பா வழியில் ஆண்கள் பெயர் ஐந்து தலைமுறைக்கு ஏற்கெனவே கையில் இருந்தது. குலதெய்வக் கோயில் வரி நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். மேலே போகப் போக முருகன், கருப்பையா, மறுபடி முருகன் என்று தாத்தா பெயர் பேரனுக்கு வந்து சுற்றிச் சுற்றி வரும். நோட்டில் பெண்கள் கிடையாது, வரி ஆண்களுக்குத்தான். அம்மாயியிடம் அவள் அம்மா பெயரைக் கேட்டேன். உடனே சொன்னாள். அம்மாவின் அம்மா?

"அப்பாயி இல்லடா, அது என் ஆத்தாளோட ஆத்தா. சின்னாத்தான்னு கூப்பிடுவோம்."

"அது முறைதானே அம்மாயி, பேரு என்ன?"

ரொம்ப நேரம் யோசித்தாள். வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினாள். பிறகு ஒரு பெயர் சொன்னாள், சந்தேகத்தோடு. பக்கத்து வீட்டுக் கிழவியைக் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டாள். அந்தப் பெயர் என் எக்செல்லில் இருக்கிறது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. இங்கே எழுதவில்லை.

ஜூன், ஜூலையில் ஊருக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போனில் கேட்டால் வராது, எதிரில் உட்கார வேண்டும். ஆண்கள் பெயரை அப்பா சொல்வார், அது பெரிய வேலை இல்லை. அம்மா வழியில், பெண்ணிலிருந்து பெண்ணாக மேலே போங்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வாழ வந்தாள் என்பதையும் கேளுங்கள், பெயர் மறந்தாலும் ஊர் மறந்திருக்காது. செத்துப்போன குழந்தைகளைக் கேளுங்கள். பட்டியலில் யாரும் அவர்களைச் சேர்ப்பதில்லை. கண் கலங்கினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் கேளுங்கள். கடல் தாண்டிப் போய்த் திரும்பாதவர்களைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் யாரும் இல்லை என்றுதான் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாயி அன்றைக்கு எழுந்திருக்கும்போது, போகிற போக்கில், "என் ஆத்தாளோட தங்கச்சி ஒருத்தி சிலோனுக்குப் போனா, தேயிலைக்கு. ரெண்டு கடுதாசி வந்துச்சு" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.